எட்டு வழிச் சாலையும் எங்கள் ஏரிக் கால்வாயும்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)



நான் மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது, 2018ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், எங்கள் நிலத்தில் ஒரு கல் நட்டார்கள். செங்கத்திற்கு அருகே ஒரு சிற்றூரில் என் தாத்தாவுக்கு இரண்டரை ஏக்கர் நிலம் இருக்கிறது. கிணற்றுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் நடுவே, மல்லாட்டை விதைப்பதற்காக உழுது போட்டிருந்த இடத்தில் அந்தக் கல் ஊன்றப்பட்டது. அளக்க வந்தவர்கள் போன பிறகு, "இது என்ன கல் தாத்தா?" என்று கேட்டேன்.

"ரோடு வருதாம் பாப்பா. பசுமை வழிச் சாலையாம்" என்றார்.

பசுமை என்ற சொல்லைக் கேட்டதும், இருபுறமும் புளியமரங்கள் நிற்க, நிழலாக ஒரு சாலை வரப்போகிறது என்று நான் மகிழ்ந்து போனேன். அன்று இரவு தாத்தா ஏன் சாப்பிடாமல் படுத்தார் என்பது எனக்கு விளங்கவில்லை.

இவ்வாண்டு சமூக அறிவியல் பாடத்திற்காக, ஏதேனும் ஒரு பொதுப்பணித் திட்டத்தை எடுத்துக்கொண்டு, அது செய்யத்தக்கதா, அதனால் சுற்றுப்புறச் சூழலுக்கு என்ன நேரும் என்று ஆராய்ந்து எழுதும்படி சிஸ்டர் கூறினார்கள். எனக்கு அந்தக் கல்தான் நினைவுக்கு வந்தது. "உன் வீட்டு நிலம் அதில் இருக்கிறதே, நடுநிலையாக எழுதுவாயா?" என்று சிஸ்டர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆகவே, கணக்கை முதலில் சாலையின் பக்கம் நின்று போட்டுப் பார்ப்பது, பிறகு வயலின் பக்கம் நின்று போட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டேன்.

பெயரும் அளவும்

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பொறியாளர்கள் 'கிரீன்ஃபீல்டு' என்று சொல்வது மரம் நிறைந்த சாலையை அன்று. ஏற்கெனவே உள்ள சாலையை அகலப்படுத்தாமல், முன்பு சாலையே இல்லாத நிலத்தின் வழியே புதிதாகப் போடும் தடத்திற்கு அப்பெயர். அது தமிழில் 'பசுமை வழி' ஆனபோது என்னைப் போன்ற சிறு பிள்ளைகள் ஏமாந்தது இயல்பே. அந்தப் பெயரில் உள்ள பசுமை, சாலைக்கு முன்னால் அங்கே இருந்த வயலின் பசுமைதான்.

2017ஆம் ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு 'பாரத்மாலா' என்னும் பெருந்திட்டத்திற்கு ஒப்புதல் வழங்கியது. அதன் முதற்கட்டத்தில் நாடெங்கும் 34,800 கி.மீ. நீளத்திற்குச் சாலைகள் அமைப்பது நோக்கம். முதலில் தயாரான பட்டியலில் சென்னை–மதுரை வழி இடம் பெற்றிருந்தது. பிறகு அதற்குப் பதிலாகச் சென்னை–சேலம் வழி எடுத்துக்கொள்ளப்பட்டது. 2018 பிப்ரவரியில் சுமார் 10,000 கோடி ரூபாய்ச் செலவில் இச்சாலை அமையும் என்று அறிவிக்கப்பட்டது. சுங்கம் கட்டிச் செல்லும் எட்டு வழிச் சாலை. சென்னைக்கு வெளியே தொடங்கிச் சேலத்தை அடுத்த அரியானூரில் முடியுமாறு வழி குறிக்கப்பட்டது.

மொத்த நீளம் 277.3 கி.மீ. அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் 59.1, திருவண்ணாமலையில் 123.9, கிருஷ்ணகிரியில் 2, தருமபுரியில் 56, சேலத்தில் 36.3 என்பது மாவட்ட வாரியான பங்கு. பாதிக்குச் சற்றுக் குறைவான நீளம் எங்கள் மாவட்டத்தின் தலையில்தான் விழுகிறது என்பதைக் கூட்டிப் பார்த்தாலே அறியலாம். சாலைக்கு வேண்டிய நிலத்தின் அகலம் 70 மீட்டர். நீளத்தை அகலத்தால் பெருக்கினால் ஒரு கோடியே 94 லட்சம் சதுர மீட்டர், அதாவது 1,941 ஹெக்டேர் வருகிறது. அரசு கூறிய அளவும் ஏறத்தாழ 1,900 ஹெக்டேர்தான். ஏக்கரில் சொன்னால் கிட்டத்தட்ட 4,800. எட்டாம் வகுப்புக் கணக்கைக் கொண்டே இவ்வளவு தூரம் வந்துவிடலாம். இதற்கு மேல்தான் கடினம்.

பயன் உண்டா?

என் சித்தப்பா சேலத்திலிருந்து சென்னைக்கு ஜவ்வரிசி மூட்டைகள் ஏற்றிச் செல்லும் லாரியின் ஓட்டுநர். ஆகையால் சாலையின் பக்கத்து நியாயத்தை எடுத்துச் சொல்ல எங்கள் வீட்டிலேயே ஆள் இருக்கிறது. சென்னைக்கும் சேலத்துக்கும் இப்போது இரண்டு பெருவழிகள் உண்டு. ஒன்று வேலூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகச் செல்வது. மற்றொன்று திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்ப்பேட்டை, ஆத்தூர் வழியாகச் செல்வது. எந்த வழியில் போனாலும் புதிய சாலையை விட ஏறக்குறைய 60 கி.மீ. கூடுதல். ஐந்து ஆறு மணி நேரப் பயணம் பாதியாகக் குறையும் என்பதே புதிய சாலையை ஆதரிப்போர் சொல்லும் முதற்காரணம்.

சித்தப்பாவின் லாரி லிட்டருக்கு 4 கி.மீ. ஓடுகிறது. 60 கி.மீ. மிச்சமானால் 15 லிட்டர் டீசல் மிச்சம். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,380 ரூபாய். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஆக, ஒரு நடையில் 40 கிலோ வாயு காற்றில் கலக்காமல் தடுக்கப்படுகிறது. இதையும் நான் மறைக்காமல் எழுத வேண்டும் அல்லவா?

இனிச் சுங்கம். தேசிய நெடுஞ்சாலைகளில் கட்டணம் 2008ஆம் ஆண்டு விதிகளின்படி கணக்கிடப்படுகிறது. நான்கு வழியோ அதற்கு மேலோ உள்ள சாலையில், காருக்குக் கிலோமீட்டருக்கு 65 காசு, சிறு சரக்கு வண்டிக்கு ஒரு ரூபாய் 5 காசு, லாரிக்கும் பேருந்துக்கும் இரண்டு ரூபாய் 20 காசு என்பது 2007–08ஆம் ஆண்டின் அடிப்படை விகிதம். அதற்குப் பின் ஆண்டுதோறும் 3 விழுக்காடும், அதனுடன் மொத்த விலைவாசி உயர்வில் பத்தில் நான்கு பங்கும் சேர்ந்துகொண்டே போகிறது. அடிப்படை விகிதத்திலேயே 277 கி.மீ.க்குக் காருக்கு 180 ரூபாய், லாரிக்கு 609 ரூபாய்; இன்றைய விகிதம் இதைவிட மிகுதி. பழைய இரு வழிகளிலும் சுங்கம் கட்டித்தான் ஆக வேண்டும் என்பதால், கட்டண வேறுபாட்டைக் கழித்த பிறகும் சித்தப்பாவுக்கு லாபம் நிற்கிறது.

"காசை விடு பாப்பா. ரெண்டு மணி நேரம் சேர்த்துத் தூங்கலாம். அது எம்புட்டுப் பெரிய விஷயம்னு வண்டி ஓட்டுறவனுக்குத்தான் தெரியும்" என்றார் சித்தப்பா.

அவர் சொல்வது உண்மை. சாலைத் திட்டத்தின் பயனைக் கணக்கிடும் வல்லுநர்களும், எரிபொருள் மிச்சத்தோடு பயணிகளின் நேரத்திற்கும் ஒரு விலை போட்டுத்தான் கூட்டுகிறார்கள். அவர்கள் இரண்டு வகைக் கணக்குப் போடுவதுண்டு. போட்ட முதலுக்குச் சுங்க வசூலில் எவ்வளவு திரும்பி வரும் என்பது ஒன்று. நாட்டுக்கு மொத்தமாக எவ்வளவு நன்மை என்பது இன்னொன்று. முதற்கணக்கில் தோற்கும் சாலை இரண்டாவதில் வெல்லக்கூடும். ஆனால் புதுச் சாலையில் ஓடும் வண்டிகளில் பெரும்பகுதி பழைய சாலைகளிலிருந்து இழுக்கப்பட்டவையாக இருந்தால், அங்கே வசூல் குறையும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அகலமான புதுச் சாலை, இதுவரை புறப்படாத வண்டிகளையும் புறப்பட வைக்கும். அப்போது நான் மேலே கணக்கிட்ட 40 கிலோ மிச்சம் கரைந்துவிடலாம்.

இதற்கெல்லாம் அடிப்படை, சாலையோரத்தில் இரவும் பகலும் உட்கார்ந்து வண்டிகளை எண்ணுவது. அதில் எனக்குச் சிரிப்பு மூட்டிய ஒரு செய்தியைச் சொல்கிறேன். எல்லா வண்டியையும் 'கார் அலகு' ஆக மாற்றித்தான் கூட்டுவார்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸ் நாட்டுப்புறச் சாலைகளுக்கு வகுத்த பட்டியலில் கார் 1, மிதிவண்டி அரை, லாரி 3. மாட்டு வண்டியோ 8! மெதுவாகச் சென்று வழியை அடைத்துக்கொள்வதால் அந்த மதிப்பு. எங்கள் தெருவில் ஒரு மாட்டு வண்டி போனால் எட்டுக் கார் போனதற்குச் சமம் என்று தாத்தாவிடம் சொன்னேன். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் அந்த மாட்டு வண்டி புதிய சாலையில் ஏறவே முடியாது. இது, குறிப்பிட்ட சந்திப்புகளில் மட்டும் ஏறி இறங்கக்கூடிய வேலியிட்ட சாலை. எங்கள் நிலத்தின் நடுவே போகும் சாலையில் எங்கள் நிலத்திலிருந்து கால் வைக்க முடியாது என்பதைச் சித்தப்பாவே அப்போதுதான் கவனித்தார். "அப்போ செங்கத்துக்காரன் எங்க ஏறுவான்?" என்றார். வீட்டில் யாருக்கும் பதில் தெரியவில்லை.

சாத்தியக்கூற்றை ஆராயும்போது மாற்று வழிகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது முறை. பழைய சாலைகளைச் சீர்செய்தாலே போதாதா என்பது இதில் முதற்கேள்வி. சேலம்–உளுந்தூர்ப்பேட்டைச் சாலை நான்கு வழியாக்கப்பட்டபோது, ஊர்களைச் சுற்றிச் செல்லும் புறவழிகள் பல இரண்டு வழியாகவே விடப்பட்டன. அகலமான சாலையில் விரைந்து வரும் வண்டி திடீரென்று குறுகிய தடத்தில் எதிர் வண்டியைச் சந்திக்க நேர்ந்தது. அங்கு நடந்த விபத்துகளைப் பற்றிச் சித்தப்பா பேச விரும்புவதில்லை. அந்தப் புறவழிகளை அகலப்படுத்துவதற்கு ஆகும் செலவையும் நிலத்தையும், 10,000 கோடி ரூபாய்க்கும் 1,900 ஹெக்டேருக்கும் எதிரே வைத்துப் பார்ப்பதுதான் நேர்மையான ஒப்பீடு என்பது என் கருத்து. 60 கி.மீ. குறையாது, ஆனால் ஓட்டுநரின் உயிருக்குப் பாதுகாப்பு கூடும்.

நீரின் வழி

வடதமிழ்நாட்டை வரைபடத்தில் பாருங்கள். காஞ்சிபுரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் நீலப் புள்ளி தெளித்தாற்போல ஏரிகள் கிடக்கும். இவை தனித்தனி ஏரிகள் அல்ல. மேல் ஏரி நிரம்பிக் கோடி போனால், அந்த நீர் கால்வாய் வழியே கீழ் ஏரிக்குப் போகும்; அது நிரம்பினால் அதற்கும் கீழே. இச்சாலையின் தடத்தில் உள்ள வட்டங்களில் உத்திரமேரூரும் ஒன்று. அவ்வூரில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஊர்ச்சபைக்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்ததைக் கல்வெட்டில் படித்திருக்கிறோம். அங்கே அமைந்த வாரியங்களுள் ஏரி வாரியமும் ஒன்று என்பதை நாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருக்கிறோம். ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏன் தனி வாரியம் வேண்டும் என்று மட்டும் நினைத்துப் பார்த்ததில்லை.

நிலத்தின் சரிவு மிகக் குறைவாக உள்ள இடத்தில் நீர் அங்குலம் அங்குலமாகத்தான் வழி தேடிப் போகும். அதன் குறுக்கே மண்ணைக் கொட்டி மேடாக்கினால் அது ஓர் அணை போலத்தான். சாலைக்கு அடியில் சிறுபாலங்களும் குழாய்களும் வைப்பார்கள், உண்மை. ஆனால் அவை எந்த இடத்தில், எவ்வளவு அகலத்தில், எந்த மட்டத்தில் வைக்கப்படுகின்றன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு சாண் உயரத்தில் வைத்துவிட்டால் மேற்புறத்து வயலில் நீர் நின்று நெல் அழுகும். கீழ்ப்புறத்து ஏரி காயும். ஒரே சாலை ஒரு பக்கத்தில் வெள்ளத்தையும் மறு பக்கத்தில் வறட்சியையும் உண்டாக்க முடியும். வயல் வழியே நடந்து பழகிய எவருக்கும் இது வியப்பாக இராது.

மேடாக்குவதற்கு மண் எங்கிருந்து வரும் என்பதையும் கேட்க வேண்டும். நான் ஓர் உத்தேசக் கணக்குப் போட்டேன். சராசரி 40 மீட்டர் அகலத்திற்கு 2 மீட்டர் உயர்த்துவதாக வைத்துக்கொண்டால், ஒரு கிலோமீட்டருக்கு 80,000 கன மீட்டர் மண் தேவை. ஒரு டிப்பர் லாரி 10 கன மீட்டர் ஏற்றினால் 8,000 நடை. பாதித் தூரத்துக்கு மட்டும் இப்படி உயர்த்துவதாகக் கொண்டாலும் 11 லட்சம் நடை! ஏரியில் வண்டல் எடுத்தால் ஏரிக்கு நல்லதுதானே என்று என் தோழி கேட்டாள். சமமாக, மேலாக எடுத்தால் நல்லதுதான். ஒரே இடத்தில் ஆழமாகத் தோண்டினால் அந்தப் பள்ளத்து நீர் மதகு மட்டத்திற்கு வராமல் அங்கேயே கிடக்கும். பாசனத்திற்கு உதவாது, குளிக்கப் போகும் பிள்ளைகளுக்கு ஆபத்து.

சுற்றுப்புறச் சூழல் பாதிப்பு அறிக்கை தயாரிக்கும் முறை 2006ஆம் ஆண்டு அறிவிக்கையில் வகுக்கப்பட்டுள்ளது. முதலில் எதை எதை ஆராய வேண்டும் என்று வல்லுநர் குழு வரையறுக்கும். பிறகு காற்று, நீர், மண், ஒலி, மரம், உயிரினம் ஆகியவற்றின் இன்றைய நிலை அளக்கப்பட்டு வரைவு அறிக்கை எழுதப்படும். அதன் மீது பொதுமக்கள் கருத்துக் கேட்கப்படும். இறுதியில் குழு மீண்டும் ஆராய்ந்து பரிந்துரைக்கும். படிக்கும்போது நல்ல முறையாகவே தெரிகிறது. ஆனால் இதில் ஓர் இடத்தில் நான் நின்றுவிட்டேன். பெரும்பாலும் இந்த அளவுகள் பருவமழை அல்லாத ஒரு பருவத்தில் மட்டுமே எடுக்கப்படுகின்றன. காற்றில் உள்ள தூசியை அளக்க அது சரியான காலம்தான். மழை பெய்தால் தூசி அடங்கிவிடும். நீரின் வழியைக் காண அது சரியான காலமா? எங்கள் ஊர்க் கால்வாயைப் பங்குனி மாதத்தில் வந்து பார்த்தால் அது ஆடு மேயும் பள்ளம்; கால்வாய் என்றே சொல்ல மாட்டீர்கள்.

2024 டிசம்பர் முதல் தேதியை ஒட்டி ஃபெஞ்சல் புயல் வந்தபோது, எங்களுக்கு மேற்கே உள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீரால் தென்பெண்ணை பெருக்கெடுத்தது. திருவண்ணாமலையில் மலைச்சரிவு ஏழு உயிர்களைக் கொண்டுபோயிற்று. எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்தை மனத்தில் கொண்டு சிறுபாலத்தின் அளவு குறிக்கப்படுகிறது என்பது இனிமேல் வெறும் பாடப்புத்தகக் கேள்வி ஆகாது.

காடுகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். நான் அவற்றை நேரில் பார்த்ததில்லை. எங்கள் பக்கத்து இராவந்தவாடி, தருமபுரி–சேலம் எல்லையில் மஞ்சவாடி, சேலத்தின் ஜருகுமலை முதலிய காப்புக்காடுகள் வழியே தடம் குறிக்கப்பட்டது. மொத்த நிலத்தோடு ஒப்பிட்டால் காட்டின் பங்கு சிறியதுதான். ஆயினும் காட்டை இரண்டாகப் பிளக்கும் சாலை அதன் அகலத்தோடு நிற்பதில்லை. ஒலியும் விளக்கு வெளிச்சமும் இருபுறமும் உள்ளே புகும். ஓரத்து மண் காயும். ஒரு பக்கத்து விலங்கு மறு பக்கத்து நீருக்குப் போக முடியாது. எங்கள் தாத்தாவின் மாடுகளுக்கும் அதே தொல்லைதான். கிணறு கல்லுக்கு இந்தப் பக்கம், கொட்டகை அந்தப் பக்கம்.

எது முதலில்?

இத்திட்டத்தில் நீதிமன்றம் வரை சென்ற முக்கியமான கேள்விகளுள் ஒன்றை மிக எளிதாகச் சொல்லிவிடலாம். நிலம் எடுப்பது முதலிலா, சுற்றுச்சூழல் அனுமதி முதலிலா?

2019 ஏப்ரல் 8ஆம் தேதி சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதிகள் டி.எஸ். சிவஞானம், பவானி சுப்பராயன் ஆகியோர், அனுமதி பெறுவதற்கு முன் நிலம் எடுக்கும் அறிவிப்பு வெளியிட்டது செல்லாது என்று தீர்ப்பளித்தனர். மேல்முறையீட்டில், 2020 டிசம்பர் 8ஆம் தேதி, உச்சநீதிமன்றத்தின் மூவர் அமர்வு அதை மாற்றியது. நிலம் எடுக்கும் முதல் அறிவிப்பு என்பது அரசின் எண்ணத்தைத் தெரிவிப்பது மட்டுமே. கட்டுமான வேலை தொடங்கும் முன் அனுமதி பெற்றால் போதும் என்பது அத்தீர்ப்பின் சாரம். ஆனால் நிலப் பதிவேடுகளில் செய்த பெயர் மாற்றங்களை மீண்டும் உரியவர் பெயருக்கே மாற்ற வேண்டும் என்பதில் இரு நீதிமன்றங்களும் ஒத்துப்போயின. இதற்குப் பின்னும் சாலை வேலை தொடங்கப்படவில்லை.

சட்டத்தின் கண்ணில் எண்ணமும் செயலும் வேறு வேறு என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் கல் விழுந்த நிலத்தில் அவ்வேறுபாடு அவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை. 2018இல் எங்கள் கிணற்றை இன்னும் பத்தடி ஆழப்படுத்தத் தாத்தா பணம் சேர்த்து வைத்திருந்தார். கல் நட்டபின் அந்த வேலையை நிறுத்திவிட்டார். போகப்போகும் கிணற்றில் யார் பணத்தைப் போடுவார்கள்? அத்தையின் கல்யாணத்திற்காக அரை ஏக்கரை விற்கப் பார்த்தபோது, வாங்க வந்தவர் கல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். கடன் வாங்கித்தான் கல்யாணம் நடந்தது. சாலை வந்திருந்தால் நிலத்தின் சந்தை மதிப்போடு ஈட்டுறுதித் தொகையும் சேர்த்துக் கொடுத்திருப்பார்கள். கிணற்றுக்கும் மரத்துக்கும் தனியே விலை போட்டிருப்பார்கள். வராமலே போயிருந்தால் கிணறு ஆழமாகியிருக்கும். வருமா வராதா என்று ஏழு ஆண்டுகள் காத்திருந்ததற்கு எந்த அட்டவணையிலும் இடம் இல்லை. தெளிவாக ஆராய்ந்து முடித்த பிறகு கல்லை நடுவது ஏன் நல்லது என்பதற்கு, எனக்குத் தெரிந்தவரை இதுவே வலுவான காரணம்.

எங்கள் வயலில் நாற்று நடவும் மல்லாட்டை பிடுங்கவும் வரும் பெண்கள் ஆறேழு பேர். அவர்கள் பெயர் எந்தச் சிட்டாவிலும் அடங்கலிலும் இல்லை. 2013ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டம், அந்த நிலத்தை நம்பிப் பிழைக்கும் கூலியாட்களையும் பாதிக்கப்பட்ட குடும்பமாகவே கருதுகிறது. அவ்வாறு மூன்றாண்டுகள் வேலை செய்ததை அவர்கள் எதைக் காட்டி மெய்ப்பிப்பது? இதை நான் கேட்டபோது, அவர்களுள் மூத்தவரான பெரியம்மா, "எங்க கையைத்தான் காட்டணும்" என்று சொல்லிச் சிரித்தார்.

நாங்கள் எடுத்த அளவு

பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தை மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாவட்டந்தோறும் நடத்த வேண்டும். முப்பது நாட்களுக்கு முன்பே அறிவிக்க வேண்டும். அறிக்கையின் சுருக்கம் வட்டார மொழியிலும் கிடைக்க வேண்டும். அங்கே பேசப்படுவது பதிவு செய்யப்பட்டு, அதற்கு விடையும் எழுதப்பட வேண்டும். அப்படியானால் "எங்கள் கால்வாய் போய்விடும்" என்று சொல்வதை விட, அதில் எவ்வளவு நீர் ஓடுகிறது என்று சொல்வது மேல் அல்லவா? சிஸ்டரிடம் கேட்டேன். மிதவையைக் கொண்டு அளக்கும் முறையைக் கரும்பலகையில் வரைந்து காட்டினார்கள்.

இவ்வாண்டு ஐப்பசி மழை விட்ட மறுநாள், என் தோழியும் நானும் தாத்தாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, கல்லுக்கு மேற்கே கால்வாய் நேராக ஓடும் இடத்திற்குப் போனோம். கரையில் பத்து மீட்டருக்கு இரண்டு குச்சிகள் நட்டோம். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் பாதி நீர் நிரப்பி மிதக்க விட்டோம். ஐந்து முறை விட்டுப் பார்த்ததில் சராசரி 20 விநாடி. ஆகவே வேகம் விநாடிக்கு அரை மீட்டர். நீரின் அகலம் 2.4 மீட்டர், ஆழம் அரை மீட்டர். குறுக்குப் பரப்பு 1.2 சதுர மீட்டர். மேல்மட்ட நீரை விட அடிநீர் மெதுவாகப் போகும் என்பதால் 0.85 ஆல் பெருக்க வேண்டும். விடை விநாடிக்கு 510 லிட்டர். ஒரு மணி நேரத்திற்கு 18 லட்சத்து 36 ஆயிரம் லிட்டர். ஒன்பது ஏக்கர் நெல் வயலில் ஐந்து செ.மீ. நீர் கட்ட அது போதும்.

முதல் தடவை பாட்டில் கோரைப்புல்லில் சிக்கிக்கொண்டது. இரண்டாவது தடவை தோழியின் செருப்பு ஆற்றோடு போயிற்று. அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை.

"இதெல்லாம் ஒரு தண்ணியா?" என்றார் தாத்தா. "போன வருஷம் புயலப்போ ரெண்டு பக்க வரப்பும் முழுகி ஓடிச்சி. அதை அளந்தியா?"

அதை அளக்க முடியாது. ஆனால் மோட்டார் கொட்டகைச் சுவரில் அந்த வெள்ளத்தின் சேற்றுக் கறை இன்னும் இருக்கிறது. நாடா பிடித்துப் பார்த்தோம்: தரையிலிருந்து 42 செ.மீ. கொட்டகைக்கும் எதிர்க் கரைக்கும் இடையே 31 மீட்டர். எந்தச் சிறுபாலம் வைப்பதாக இருந்தாலும் இந்த இரண்டு எண்களையும் பார்த்துவிட்டு வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும் தேதியுடன் ஒரு முழுத்தாளில் எழுதி, கால்வாயின் படம் வரைந்து, மூவரும் கையொப்பமிட்டோம். கருத்துக் கேட்புக் கூட்டம் என்றைக்காவது கூடினால் கொடுப்பதற்காக, தாத்தா அதைப் பட்டா நகலோடு சேர்த்து டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார். கலங்கலில் வழியும் நீரை இன்னும் அளக்கவில்லை. அடுத்த மழையில் ஏரி கோடி போகும்போது அதையும் எடுக்க வேண்டும்.